மைதீன் பாய் வாங்காத வாரண்டி

செல்வத்துக்கும் கோமதிக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் இருவரும் உங்கள் வேலையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பழைய காருக்குப் போனில் வாரண்டி விற்கிற வேலையில் சேர்ந்த பிறகு கோமதி அன்றுதான் முதல் தடவையாக லீவில் வந்திருந்தாள்.

"நம்ம ஊர்ப் பக்கம் போன் போட்டா மட்டும் ஒண்ணுகூட விக்க முடியலப்பா. நல்லாப் பொறுமையாக் கேக்காங்க. கடைசில, 'வண்டி குடுத்தவரு நமக்குத் தெரிஞ்சவரும்மா. இதைப் போட்டா அவரு என்ன நெனைப்பாரு?'ன்னு போனை வச்சிருதாங்க."

திருநெல்வேலியில் பழைய கார்க் கடையில் சேர்ந்திருக்கும் செல்வம் அதற்குச் சொன்னான்: "எங்க கடையிலயும் அப்படித்தான். முதலாளி முன்னால வாரண்டின்னு கேக்கவே கூச்சப்படுதாங்க. பாவம், நல்ல மனுசங்க."

நீங்கள் சிரித்தீர்கள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன். "சோறு அப்படியே கெடக்கு, என்னத்துக்கு எந்திரிச்சிட்டீங்க?" என்று உங்கள் அம்மா கேட்டாள். 

சங்கரன்கோவிலில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரே கடையில் என் பாதி ஆயுசு போனது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஏன் நின்றேன் என்று கேட்டபோதெல்லாம் முதுகுவலி என்று சொல்லிவைத்தேன். முதுகுவலி எனக்கு உண்டுதான். ஆனால் நின்றது அதனால் இல்லை. நீங்கள் இருவரும் அதே தொழிலின் இரண்டு முனைகளில் போய் உட்கார்ந்துவிட்டதால் இனிமேல் சொல்லாமல் இருப்பது சரியில்லை. எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் கோமதி திருத்திப் படித்துக்கொள்.

முதலாளியின் பெயரை எழுத மாட்டேன். அவர் இருக்கிறார். வழியில் பார்த்தால் இன்றும் எனக்குக் கை தூக்குகிறார், நானும் தூக்குகிறேன். தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். வண்டியைப் பார்க்கும் முன் விற்கிறவன் முகத்தைப் பார், அவசரமாக விற்கிறவனிடம் விலையை அடித்துக் கேட்காதே, மழை நேரத்தில் வண்டி வாங்காதே, இப்படி நிறைய.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விலை பேசி முடிந்ததும் பானெட்டைத் தன் கையாலேயே மூடுவார். மூடிவிட்டு, வாங்குகிறவரைப் பார்த்து, "போயிட்டு வாங்க. நான் பொறுப்பு" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் காகிதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆனால் அந்த வண்டி ஆறு மாதத்துக்குள் எங்காவது நின்றுவிட்டால், இளையரசனேந்தல் கரிசல் காட்டுக்குள் நின்றிருந்தாலும் சரி, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அவரே போவார். செலவை வாங்க மாட்டார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கூடவும் போயிருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் அந்த ஒரு சொல்லுக்காகவே ஆட்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள்.

அந்தச் சொல் பொய்க்காமல் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் விற்ற வண்டிகள் எல்லாம் நம்ம ஊர்க் கைகளுக்குத் தெரிந்த வண்டிகள். எது போனாலும் ராஜபாளையம் ரோட்டில் யாராவது ஒருவர் கழற்றி மாட்டிவிடுவார். அவருடைய பொறுப்பு அவர் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. அது அவருக்குத் தெரியாது. அப்போது எனக்கும் அவ்வளவாகத் தெரியாது.

கடையநல்லூரிலிருந்து மைதீன் பாய் வந்தது சில வருடங்களுக்கு முன்னால். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர். வாசலில் வந்து இறங்குகிறவர்களின் காரை வாங்கிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, அவர்கள் கிளம்பும்போது எடுத்துவந்து கொடுக்கிற வேலை. கல்யாணம் முடிந்த கையோடு போனவர், பிள்ளைகளை லீவில் லீவில் பார்த்தே வளர்த்தவர், இனிமேல் போவதில்லை என்று முடிவெடுத்து வந்திருந்தார்.

"எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வேணும் அண்ணாச்சி. ரெண்டு கதவு. பழசுதான். புதுசுக்கு நான் எங்கன போவேன்?" என்றார்.

"ஓட்டிப் பழக்கம் இருக்கா பாய்?" என்று முதலாளி கேட்டார்.

"ஒலகத்துல உள்ள எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் ஓட்டியிருக்கேன் அண்ணாச்சி. ஓட்டல் வாசல்ல இருந்து பார்க்கிங் வரைக்கும்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூணாவது கியர் எப்படி இருக்கும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

கொச்சியில் ஒரு வண்டி கிடைத்தது. வெளிநாட்டு வண்டி, நீல நிறம், தரையோடு தரையாக இருக்கும். முந்தைய சொந்தக்காரர் அதிகம் ஓட்டவில்லை. நானும் முதலாளியும் போய் எடுத்து வந்தோம். உள்ளே ஏறும்போது முதலாளி, "ஏலே, இதுல உக்காரணுமா, படுக்கணுமா?" என்றார். சங்கரன்கோவில் வரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் இறங்கி, அடியில் இடிக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கோமதி அம்மன் சன்னதித் தெருவில் நிறுத்தியபோது பூக்கடைக்காரி, "சின்னப் பிள்ளைக விளையாடுத வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டாள். முதலாளிக்கு ஒரே பெருமை.

கேரளா வண்டி என்பதால் பெயர் மாற்றும் காகித வேலை இழுத்தது. அது முடியும்வரை வண்டி எங்கள் கொட்டகையிலேயே நின்றது. அந்தச் சமயத்தில்தான் கொச்சிக்காரர்கள் சொன்னார்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒன்று இருக்கிறது, கம்பெனி கொடுத்த வாரண்டி முடிந்துவிட்டதால் வேண்டுமென்றால் காசு கட்டி நீட்டிக்கொள்ளலாம், எஞ்சினும் கியர்பாக்ஸும் அதில் வரும் என்று. நிபந்தனைகள் இரண்டு. பெயர் மாறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அவர்கள் ஆள் வந்து வண்டியை நேரில் பார்க்க வேண்டும். விலை ஒரு புது பைக் வாங்குகிற அளவு.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மைதீன் பாய் அந்த வாரண்டி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டீ வந்திருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி, இப்படி ஒண்ணு சொல்லுதாங்களே. போடணுமா?"

"அது ஒங்க இஷ்டம் பாய்" என்றார் முதலாளி. சொன்ன விதத்திலேயே அது இஷ்டம் இல்லை என்று தெரிந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்கிட்ட வாங்கின வண்டிக்கு நான் இருக்கேன். இதுவரைக்கும் எவனும் என்கிட்ட வாரண்டின்னு கேட்டதில்ல."

நான் சொன்னேன்: "முதலாளி, இந்த வண்டி வேற ரகம்லா. இதோட கியர்பாக்ஸுக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. போச்சுன்னா நம்ம பக்கம் தொடுறதுக்கே ஆளு கெடையாது."

"ஏலே, நம்மகிட்ட வாங்கினவன் எவனாவது ரோட்டுல நின்னு அழுதிருக்கானா?"

"இல்ல முதலாளி."

"பொறவு என்ன?"

மைதீன் பாய் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். நோட்டீஸை மடித்து விசிறி மாதிரி வீசிக்கொண்டார். "அண்ணாச்சி சொன்னதுக்கு மேல என்ன இருக்கு. காகிதம் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு ஏன் வேர்த்தது என்று நான் யோசித்தேன்.

இரண்டொரு நாளில் அவர் மனைவி பாத்திமா எனக்குப் போன் செய்தார். காகித வேலைக்காக என் நம்பர் அவர்கள் வீட்டில் இருந்தது.

"அண்ணே, அந்த வாரண்டியை இனிமே போட முடியாதா?"

"பேரு மாறுறதுக்கு முந்தி போடலாம்மா. ஏன், பாய் வேண்டாம்னுல்லா சொன்னாரு?"

"அவுக அங்கன வேண்டாம்னு சொல்லிட்டு, இங்கன வந்து ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தாக. அண்ணாச்சி மொகத்துக்கு நேரா எப்படிக் கேக்கன்னு சொல்லுதாக." பிறகு அவரே சொன்னார்: "நான் கணக்கை உங்ககிட்ட சொல்லிருதேன் அண்ணே. கொண்டாந்ததுல வீட்டுக்கு ஒரு பங்கு, பாத்திரக்கடை போட ஒரு பங்கு, அவுக ஆசைக்கு இந்த வண்டி. வண்டி செலவு வச்சா கடைக்கு வச்சதுல கை வைப்பாக. அதுல கை வச்சா திரும்ப விசா எடுக்கணும். எனக்கு வண்டி ஓடுதா நிக்குதான்னு ஒண்ணும் இல்ல. இவுக வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்."

"பாயே கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரச் சொல்லட்டும்மா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

பாய் வரச் சொன்னார். முதலாளி கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் தன் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகிற நாளாகப் பார்த்துத்தான் வரச் சொன்னார். அன்றைக்கு மைதீன் பாய் கடைக்கு வந்தபோது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் வைத்து நடந்தார். சொந்தக் காசில் சொந்த வண்டிக்கு வாரண்டி போட வந்த மனிதர், திருட வந்தவர் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கம்பெனி ஆள் சின்ன வயசுப் பையன். திருநெல்வேலியிலிருந்து பைக்கில் வந்திருந்தான். பானெட்டைத் திறந்து, ஒரு சின்னப் பெட்டியை வண்டியோடு இணைத்துப் பார்க்கத் தொடங்கினான். அவன் பாதி பார்த்திருப்பான், முதலாளியின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. தோட்டத்துக்கு வருவதாகச் சொன்ன வியாபாரி வரவில்லையாம்.

"யாரு தம்பி நீங்க?"

"வாரண்டி இன்ஸ்பெக்‌ஷன் சார்."

"யாரு வரச் சொன்னது?"

பையன் மைதீன் பாயைப் பார்த்தான். மைதீன் பாய் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார். நான், "நாந்தான் முதலாளி வரச் சொன்னேன். வந்தது வந்துட்டாப்ல. பாத்துட்டுப் போகட்டும்" என்றேன். பழி என் மேல் விழுந்துவிட்டால் பாய் சும்மா நின்றாலே போதும், வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சும்மா நிற்பது மட்டும்தான் அவர் செய்ய வேண்டியிருந்தது.

முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, "இத்தனை வருசம் கூட இருந்த ஒனக்கே என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லன்னா, நேத்து வந்த பாய்க்கு எப்படிலே இருக்கும்?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

அதைக் கேட்டதும் மைதீன் பாயால் தாங்க முடியவில்லை.

"ஐயோ அண்ணாச்சி, என்ன பேச்சு பேசுதீங்க! தம்பி, பெட்டியை மூடுப்பா. எனக்கு இதெல்லாம் வேண்டாம்."

"சார், நீங்கதானே போன்ல..."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா!"

அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பையன் பயந்துபோய், "அப்ப கேன்சல்னு போட்டுறவா சார்? இந்த வண்டிக்குத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சிக்கோங்க" என்றான்.

யோசிக்க அங்கே இடம் இருந்ததா? முதலாளி முன்னால் நிற்கிறார். கண் கலங்கி நிற்கிறார். அவர் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தால் போதும். முகம் கழுவப் போயிருந்தால் போதும். போகவில்லை.

"போட்டுரு" என்றார் மைதீன் பாய்.

முதலாளி வந்து பானெட்டை மூடினார். "நான் பொறுப்பு பாய்" என்றார்.

ஒன்றை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. 'சார், நீங்கதானே' என்று அந்தப் பையன் சொன்னது முதலாளியின் காதிலும் விழுந்தது. நான்கு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம். வரச் சொன்னது நான் இல்லை, பாய்தான் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரியும். பாய்க்கு வாரண்டி வேண்டும் என்றும் தெரியும். 'அதனாலென்ன பாய், போட்டுக்கோங்க' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் காதில் விழாதது போல இருந்துவிட்டார். அவரை நான் நல்லவர் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. வண்டி பார்க்கப் போகும்போது கூட்டிப்போவதை நிறுத்தினார். கொட்டகைச் சாவி வேறு கைக்குப் போனது. வருகிறவர்களிடம், "அவன்கிட்ட கேக்காதீங்க, வாரண்டி போடச் சொல்லிருவான்" என்று சிரித்தபடி சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் நானும் சிரித்தேன். பிறகு எனக்கு முதுகுவலி வந்தது.

வண்டி மைதீன் பாயின் வீட்டுக்குப் போனது. சில மாதங்கள் அவர் சந்தோஷமாக இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். சுபுஹு தொழுதுவிட்டு விடியலில் புளியங்குடி வரைக்கும் ஓட்டிப் போவாராம். ஒரு நாள் எனக்குப் போன் செய்து, "அண்ணே, மூணாவது கியர் பாத்துட்டேன்!" என்று கத்தினார்.

அதே புளியங்குடியில், எலுமிச்சை மார்க்கெட் முன்னால்தான் அது நின்றது. கியர் விழவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மூட்டை தூக்குகிறவர்கள்தான் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். "இம்புட்டுப் போட்டு வாங்கின வண்டியா பாய் இது? எங்க தள்ளுவண்டியே பரவாயில்லையே, அது தள்ளினா நேராப் போகும்" என்று ஒருவர் சொன்னாராம். இதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

மதுரையில் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் முழுவதும் மாற்ற வேண்டும் என்றார்கள். பாத்திரக்கடைக்கு வைத்திருந்ததில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். செய்தி கேட்டு முதலாளி ஓடி வந்தார். சொன்ன சொல்லிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. பின்வாங்கியிருந்தால் இதை நான் எழுதவே வேண்டியிருக்காது. "காசை எடுக்காதீங்க பாய். நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்லா" என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த ஆளிடம் போனார். தன் செலவில் பழைய கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கிப் போடச் சொன்னார். வண்டி ஒரு வாரம் ஓடியது, திரும்ப நின்றது. அந்தக் கியர்பாக்ஸும் இந்த வண்டியின் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகவில்லையாம். மதுரைக்கே திரும்பக் கொண்டு போனால், வெளிக் கை பட்ட வண்டியை இனி நாங்கள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி எலுமிச்சைத் தோட்டத்தை விற்க ஆள் பார்க்கத் தொடங்கினார். அது மைதீன் பாயின் காதுக்கு எட்டியது. வேறு யாராக இருந்தாலும் 'விற்றுக் கொடு' என்றிருப்பார்கள், குறைந்தது பேசாமலாவது இருந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? முதலாளிக்குத் தெரியாமல் கோயம்புத்தூருக்குப் போய், கடைக்கு வைத்திருந்த காசை அந்த மெக்கானிக்கிடம் கொடுத்தார். "அண்ணாச்சிகிட்ட சொல்லாதீங்க. எனக்காக அவரு தோட்டத்தை விக்கக் கூடாது" என்றாராம். புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதுவும் சரிப்படவில்லை. அந்தக் காசும் போனது.

இவ்வளவும் நடந்த மாதங்களில் வாரம் ஒரு முறை மைதீன் பாய் கடைக்கு வந்து முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். "அவசரம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்பாராம் அவர். "இந்த மாசம் முடிச்சிருவோம் பாய்" என்பாராம் இவர். நீலக் கார் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நின்றது.

கோமதி, இப்போது நீ கேட்பாய்: வாரண்டி இருந்திருந்தால் கம்பெனி கட்டாயம் கொடுத்திருக்குமா அப்பா என்று. எனக்குத் தெரியாது. உங்கள் கம்பெனியில் நீங்களும் எத்தனையோ காரணம் சொல்லி இல்லை என்று சொல்கிறீர்கள், அதை நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். ஆனால் இல்லை என்று சொன்னால் மைதீன் பாய் சண்டை போட்டிருப்பார். போனில் கத்தியிருப்பார். வக்கீலைப் பார்த்திருப்பார், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருப்பார். முகம் தெரியாத கம்பெனியோடு வெட்கமில்லாமல் சண்டை போடலாம். எதிரே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுக்கிற மனிதரோடு எப்படிப் போடுவது? நீ விற்கிற காகிதத்தின் பெறுமானம் பாதி அங்கேதான் இருக்கிறது. 'வித்தவரு தெரிஞ்சவரு' என்று அடுத்த தடவை யாராவது சொன்னால் சிரிக்காதே. 'தெரிஞ்சவருங்கிறதாலதாங்க போடச் சொல்லுதேன்' என்று சொல். அதன் பிறகும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. பயம் காட்டி விற்காதே. பயந்து வாங்குவதும், கூச்சத்தில் வாங்காமல் விடுவதும் யோசித்து எடுத்த முடிவு ஆகாது.

செல்வம், உனக்கு ஒன்றே ஒன்றுதான். வாங்குகிறவர் வாரண்டியைப் பற்றிக் கேட்டதும் விவரத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போ. உன் முதலாளி கூட இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அவரையும் வெளியே கூட்டிப் போ. வண்டி சாவியைத் தேடு, டீ சொல்லப் போ, என்னவாவது செய். வாங்குகிறவரும் அவர் வீட்டுக்காரியும் மட்டும் அந்த அறையில் இருக்கட்டும். முடிவை எடுத்த பிறகு உள்ளே வா. உன் வண்டி நல்ல வண்டியாக இருக்கலாம், நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவன்தான் முதலில் வெளியே போக வேண்டும். ஏமாற்றுகிறவன் முகத்தைப் பார்த்தால் யாரும் கூச்சப்படுவதில்லை.

இப்படிச் செய்தால் சில முதலாளிகளுக்குப் பிடிக்காது. உன்னிடமிருந்தும் சாவி கைமாறும். இருந்துவிட்டுப் போகட்டும்.

விசா வந்த விவரத்தை பாத்திமாதான் எனக்குச் சொன்னார். அதே ஓட்டல், அதே வேலை. "ஏர்போர்ட்டுக்கு அண்ணாச்சியே வண்டியில கூட்டிப் போறேங்காக. காசு வேண்டாமாம். நீங்களும் கூட வாங்க அண்ணே, திரும்பி வரும்போது எனக்குத் துணைக்கு" என்றார். பிறகு சொன்னார்: "உங்க முதலாளி நல்லவரு. இவுகளும் நல்லவுக. ரெண்டு நல்லவுகளும் சேந்து என்னைய ஒத்தையா ஆக்கிட்டாக."

நானும் போனேன்.

முதலாளிதான் ஓட்டினார். செங்கோட்டை வழியாக மலையேறித் திருவனந்தபுரம் போனோம். முன்னால் இருவரும் மழையைப் பற்றியும் எலுமிச்சை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்கள். காரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விமான நிலைய வாசலில் மைதீன் பாய் முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு சிரமம் குடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றார். ஆம், அவர்தான் அப்படிச் சொன்னார். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பாய் மனைவியைப் பார்த்தார். அங்கே பேசுவதற்கு நேரம் இருக்கவில்லை, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் மலை இறங்கி ஊர் தெரிந்த பிறகு முதலாளி கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்கம்மா. பாய் லீவுல வரும்போது வண்டி உங்க வாசல்ல நிக்கும். நான் பொறுப்பு."

பாத்திமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"அண்ணாச்சி, கெஞ்சிக் கேக்குதேன். இனிமே எங்க வீட்டுல எதுக்கும் நீங்க பொறுப்பு எடுக்காதீங்க."

தென்காசி வந்தோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை ஓரமாக முதலாளி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஒரு டீ குடிக்கலாமாம்மா?"

"வேண்டாம்" என்றார் பாத்திமா.

முதலாளியின் முகத்துக்கு நேராக ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவர் வண்டியை எடுத்தார்.